மவுஸுக்கு வேலை எங்கே?

கேள்வி: ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகத்தில் அந்தக் காலத்தில் அச்சான புத்தகங்கள் சில எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டேன். இனி ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ஓரம் வெட்டி, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரியில் போட்டுச் சேமிக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அதே கிளிக்குகள்தான், மணிக்கட்டு விட்டுப்போகிறது. பழைய கம்ப்யூட்டரில் மவுஸைத் தானே நகர்த்திக் கிளிக் செய்யும் எக்ஸ்டூடூல் ஸ்கிரிப்ட் இதைச் செய்தது. உபுண்டு 22.04 போட்ட பிறகு மவுஸ் அசையவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் ஸ்கிரிப்டில் பிழை இருக்காது. எக்ஸ்டூடூல், எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்புக்காக எழுதப்பட்டது. உபுண்டு 22.04 பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் வேலண்ட் என்ற புதிய அமைப்பில் திறக்கிறது. ஒரு மென்பொருள் இன்னொன்றின் ஜன்னலில் தன்னிச்சையாகக் கிளிக் செய்வதைப் பாதுகாப்பு கருதி வேலண்ட் அனுமதிப்பதில்லை. உள்நுழையும்போது பெயரைத் தேர்ந்தெடுத்ததும் கீழ் ஓரத்தில் பல்சக்கரக் குறி வரும். அதில் 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; எக்ஸார்க் என்பது அந்தப் பழைய எக்ஸ்11தான். பழைய ஸ்கிரிப்ட் ஓடும்.

ஆனால் உங்கள் வேலைக்கு மவுஸே வேண்டாம் என்பேன். கோணலாக விழுந்த பக்கங்களை நிமிர்த்தி ஓரம் வெட்ட ஸ்கேன்டெய்லர் இருக்கிறது. ஒரு புத்தகத்தின் பக்கங்களை மொத்தமாகக் கொடுத்துவிடலாம். எழுத்துணர்வுக்கு டெசராக்ட். இது கட்டளை வரியிலேயே ஓடும், தமிழும் தெரியும், சமஸ்கிருதமும் தெரியும். இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கேட்கலாம். 1910 வாக்கில் சங்கரர் நூல்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்ட அச்சகம் வாணி விலாஸ். உங்கள் பரணிலும் நாகரி எழுத்துப் பக்கங்கள் இருக்கக்கூடும். நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, கோப்புறை முழுவதையும் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

நீங்கள் பயன்படுத்தும் எழுத்துணரி கட்டளை வரியே இல்லாத மென்பொருள் என்றால் மட்டும் மவுஸ் ஸ்கிரிப்டுக்கு வாருங்கள். பைத்தானில் பைஆட்டோஜியுஐ நல்ல கருவி. லினக்ஸில் அதற்கும் எக்ஸார்க் வேண்டும். திரையில் இத்தனையாவது புள்ளியில் கிளிக் செய் என்று எழுதாதீர்கள். ஜன்னல் கொஞ்சம் நகர்ந்தாலே கிளிக் வேறெங்கோ விழும். பொத்தானின் சிறு படத்தைக் கொடுத்து, அது திரையில் தெரியும்வரை காத்திருந்து கிளிக் செய்யச் சொல்லுங்கள்.

இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால் வரும் கெடுதல் கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கம் திறக்கத் தாமதமானால் போதும், 40ஆம் பக்கத்தின் எழுத்து 41ஆம் பக்கத்தின் பெயரில் சேமிக்கப்படும். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம்வரை எல்லாமே ஒன்று தள்ளிப் போகும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. மறுபிரதி கிடைக்காத புத்தகங்களில் இப்படி நடக்கவே விடக்கூடாது.

ஸ்கிரிப்ட் கட்டுமீறி ஓடினால் மவுஸைத் திரையின் ஒரு மூலைக்குத் தள்ளுங்கள். பைஆட்டோஜியுஐ அங்கேயே நின்றுவிடும். அந்த வசதியை எந்தக் காரணத்துக்கும் அணைத்துவைக்காதீர்கள்.

மூலப் படங்களை வேறொரு டிஸ்கில் பத்திரப்படுத்திவிட்டு, முதலில் பத்துப் பக்கங்களை மட்டும் ஓட்டுங்கள். அச்சிலுள்ள பக்க எண்ணும் கோப்பின் எண்ணும் கடைசிவரை ஒரே அளவு வித்தியாசத்தில் வருகின்றனவா என்று பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.