கட்டையை அடுப்புக்குக் கொடுங்கள்

கேள்வி: என்னிடம் காற்று சஸ்பென்ஷன் உள்ள டிஸ்கவரி 3 இருக்கிறது. மீமுரே பக்கம் அடிக்கடி போவதால் உயர்த்திப் பெரிய டயர் போட நினைக்கிறேன். காற்றுப் பைக்கு மேல் கட்டை வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

அந்தக் கட்டையை அடுப்பெரிக்கக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வண்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது காற்றுப் பை அல்ல, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள உயர சென்சர். கட்டை வைத்தால், 'வண்டி எழும்பிவிட்டதே' என்று கணினி காற்றைத் திறந்துவிட்டுப் பழைய உயரத்துக்கே இறக்கிவிடும். சென்சரின் இணைப்புக் கம்பியை மாற்றுவது அல்லது கணினியில் உயர அளவைத் திருத்துவதுதான் வழி. நிரந்தரமாக உயர்த்த 25 மில்லிமீற்றருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அச்சு மூட்டுகள் தேயும். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஆனால், தேவையான இடத்தில் மட்டும் உயர்த்த ஓஃப்-ரோட் பொத்தானே 55 மில்லிமீற்றர் தூக்குகிறதே! மீமுரே போக, ஹுன்னஸ்கிரியவில் திரும்பி கோர்பெட்ஸ் கெப் கணவாயில் ஏறி இறங்க அதுவும் நல்ல டயரும் போதும் என்பேன்.

255/60 ஆர்18 டயருக்குப் பதில் 265/65 ஆர்18 போட்டால் வண்டியின் அடிப்பகுதி 19 மில்லிமீற்றர் உயரும். வேகமானி முன்பைவிட 5 சதவீதம் குறைத்துக் காட்டும். உண்மையான சிக்கல், காற்று கசிந்து வண்டி உட்காரும்போதுதான்: பெரிய டயர் மட்காட்டில் உரசி, காட்டு நடுவில் வண்டி நகராமல் நிற்கும். நான்கையும் வாங்கும் முன் முன்பக்கம் ஒன்றை மாட்டி, சஸ்பென்ஷன் காற்றை முழுதாக இறக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். உரசினால் அந்த அளவு வேண்டாம்.