வீட்டில் செய்யும் புத்தகத்துக்குச் சித்திரம் சேர்க்கும் வகை

நமது வியாபார அன்பர்களின் வீடுகளில் இன்று நடப்பது யாவர்க்கும் தெரிந்ததே. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் அந்தத் தமிழில் கடை இல்லை. தராசு என்றால் விழிக்கிறார்கள். பொட்டலம், படிக்கல், சாக்கு, கல்லாப்பெட்டி ஆகிய சொற்களெல்லாம் நம்மோடு நின்றுவிடும் போலிருக்கின்றன. விலைக்கு வரும் குழந்தைப் புத்தகங்களில் ஆப்பிளும் பனிமனிதனும் இருக்கும். நமது கடைச் சரக்கு இராது. ஆகையால் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றை எட்டுப் பக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம் என்பதும், அதற்குச் சித்திரக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதுமே இங்கு நாம் சொல்ல வந்த விஷயம்.

முன்காலத்தில் பிரசுரத்தில் ஒரு படம் வரவேண்டுமானால் பிளாக் செய்யக் கொடுத்தாக வேண்டும். அதன் செலவுக்கு அஞ்சியே பலர் படமில்லாமல் அச்சிட்டார்கள். பிறகு விளம்பர வேலைக்காரர்கள், படங்கள் நிறைந்த தாள்களை விலைக்கு வாங்கி, வேண்டியதைக் கத்தரியால் வெட்டிப் பக்கத்தில் ஒட்டினார்கள். கிளிப் ஆர்ட் என்னும் பெயர் அந்தக் கத்தரிக்கோலிலிருந்து வந்ததேயாகும். 1985-ல் ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் வந்தது முதல், பக்கம் கட்டும் வேலை அச்சுக்கூடத்தை விட்டு மேஜைக்கு இறங்கிவிட்டது. 1991-ல் வெளியான மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை நம்மில் சிலர் விலைப்பட்டியல் போடப் பழகியிருக்கலாம். அதற்கு 2026 அக்டோபரோடு ஆதரவு முடிவதாக அந்தக் கம்பெனி அறிவித்துவிட்டபடியால், புதிதாகத் தொடங்குவோர் லிப்ரேஆபீஸ் என்பதிலுள்ள டிரா என்ற பகுதியைக் கொள்வது நலம். அதற்குக் காசு இல்லை.

அதில் எத்தனையோ கருவிகள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்து மலைக்க வேண்டாம். கோடு, நீள்சதுரம், நீள்வட்டம், முக்கோணம் ஆகிய நான்கும் நமக்குப் போதும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நீள்வட்டம் இழுத்தால் சரியான வட்டம் வரும். நீள்சதுரம் இழுத்தால் சதுரம் வரும். ஒரு சிறு வட்டத்தைக் கறுப்பாக நிரப்பி, அதையே முப்பது தரம் நகலெடுத்துக் குவித்தால் மிளகு. ஒல்லியான நீள்வட்டத்தின்மேல் நீளவாக்கில் மூன்று கோடு போட்டால் ஏலக்காய். அன்னாசிப்பூ வேண்டுமா? ஒல்லியான நீள்வட்டம் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் வைத்து, ஒவ்வொன்றையும் முன்னதைவிட 45 பாகை கூடுதலாகத் திருப்புங்கள். எட்டு இதழும் வந்துவிடும். நுனி மழுங்கியிருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகள் மூக்கில் வைத்துப் பார்க்க அசல் பூ கடையில் இருக்கிறதே.

தராசைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். இந்த ஒன்று கைவந்தால் மற்றவை தாமே வரும். முதலில் நீளமான ஒல்லியான நீள்சதுரம் ஒன்று, அது கோல். அதன் நடுவில் சிறு முக்கோணம், அது முள். தட்டுக்கு ஒரு நீள்வட்டம் போட்டு, அதன் மேல்பாதியை, ஓரக்கோடு இல்லாத வெள்ளை நீள்சதுரத்தால் மூடுங்கள். மிஞ்சிய பாதிக்கு மேல்விளிம்பாக ஒரு கோடு இழுத்தால் தட்டு முடிந்தது. (பக்கத்துக்கு வர்ணம் பூசியிருந்தால் இந்த வெள்ளை மறைப்பு தெரிந்துபோகும். ஆகையால் பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும்.) தட்டின் இரு முனையிலிருந்தும் இரண்டு கோடுகள் மேலே சென்று ஒரு புள்ளியில் கூடட்டும், அவை சங்கிலி. இப்போது தட்டு, மறைப்பு, விளிம்பு, சங்கிலி யாவற்றையும் சேர்த்துத் தேர்ந்து, குழுவாக்கு என்னும் கட்டளையைக் கொடுத்து ஒரே கட்டாகக் கட்டிவிட வேண்டும். கட்டாத சாமானைத் தூக்கினால் பாதி கீழே கிடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தக் கட்டை நகலெடுத்துக் கோலின் மறுமுனையில் தொங்கவிடுங்கள்.

கோலையும் தட்டுக் கட்டுகள் இரண்டையும் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்தை அப்படியே நகலெடுத்து, கோலை மட்டும் 10 பாகை சாய்த்து, ஒரு தட்டை அம்புக்குறி விசையால் கீழும் மற்றதை மேலுமாக நகர்த்தினால், சமன் காட்டிய தராசு கனம் காட்டும். அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகப் புரட்டினால் மூன்றாம் படமும் ஆயிற்று. சமன், கனம், லேசு என்ற மூன்று சொற்களை ஒரே படத்தைக் கொண்டு மூன்று பக்கத்தில் பிள்ளைக்குக் காட்டிவிடலாம். விலைக்கு வாங்கிய படம் இந்த வேலையைச் செய்யாது.

கோட்டின் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகம் முழுவதும் ஒரே கனம், உதாரணமாக 2 பாயிண்ட், என்று வைத்துக்கொள்வது அழகு. படத்தைச் சிறிதாக்கினாலும் கோட்டின் கனம் குறையாது. ஆதலால் மிகவும் சுருக்கினால் மைக்கறைபோல் ஆகிவிடும். சுருக்கிய பின் கனத்தையும் குறைக்க வேண்டும்.

இனி கிளிப் ஆர்ட். மாட்டின் உருவம், கப்பல், மனித முகம் இவற்றை வட்டமும் கோடும் கொண்டு செய்வது நம்மவர்க்குக் கஷ்டம். அங்கே ஆயத்தப் படம் எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளை நாள்தோறும் காணும் பொருளுக்கு அதைத் தேடுவது வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். கடை என்று தேடினால் பெரும்பாலும் கோடு போட்ட துணிப்பந்தலும் கண்ணாடி ஜன்னலும்தான் கிடைக்கும். அது யார் கடையோ! வாசலில் சாக்கு இல்லாத கடையைப் பிள்ளை தன் வாப்பாவின் கடையென்று எப்படி ஒப்புக்கொள்ளும்? மேலும், பல கைகள் வரைந்த படங்களை ஒரே புத்தகத்தில் கலந்தால், பல தினுசு அரிசியைக் கலந்து உலையில் போட்டதுபோல் இருக்கும்.

எடுக்கும்போது எஸ்.வி.ஜி. வகையா, ஜேபெக் வகையா என்று பார்க்க வேண்டும். முன்னது கோட்டுக் கணக்காக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. பின்னது புள்ளிகளால் ஆனது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால், அகலம் 600 புள்ளியுள்ள படம் 2 அங்குலத்துக்குத்தான் தாங்கும். பக்கம் நிறைய இழுத்தால் படி படியாகத் தெரியும்.

உரிமை விஷயத்தில் வியாபாரிகள் நன்கு கவனம் வைத்தல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் கிளிப் ஆர்ட் களஞ்சியத்தை 2014 டிசம்பரில் மூடிவிட்டது. அது முதல் பலரும் இன்டர்நெட்டில் கண்டதை எடுக்கிறார்கள். கண்ணில் பட்டதெல்லாம் இலவசமல்ல. மலேசியாவில் 1987-ம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2021-ம் ஆண்டுச் சட்டமும் சித்திரங்களுக்குப் பதிப்புரிமை கொடுக்கின்றன. வரைந்தவர் காலமான பின்பும், முன்னதில் 50 ஆண்டும் பின்னதில் 70 ஆண்டும் அது நீடிக்கும். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று குறித்த படத்தைப் பிள்ளையின் புத்தகத்தில் வைத்துவிட்டு, அழகாயிருக்கிறதே என்று அடுத்த வருஷக் கடைக் காலண்டரிலும் பையிலும் அதையே போடுகிறோமே, அங்கேதான் வம்பு வரும். 2004-ல் தொடங்கிய ஓப்பன்கிளிப்பார்ட் களஞ்சியத்தின் படங்கள், வரைந்தவர்கள் தம் உரிமையைத் துறந்து பொதுவில் விட்டவை. நாமே வட்டமும் கோடும் கொண்டு செய்த தராசுக்கோ யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அச்சிடும் முறை எளிது. 210-க்கு 297 மில்லிமீட்டர் உள்ள ஏ4 தாளை நடுவில் மடித்தால் 148-க்கு 210 உள்ள பக்கம் கிடைக்கும். தாள் ஒன்றுக்கு நான்கு பக்கம். ஆதலால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருத்தல் வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு இரண்டு தாள். முதல் தாளின் ஒருபுறம் 8-ம் 1-ம், மறுபுறம் 2-ம் 7-ம். இரண்டாம் தாளில் 6-ம் 3-ம், மறுபுறம் 4-ம் 5-ம் வரும். பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபேட் ரீடரில் புக்லெட் என்பதைத் தேர்ந்தால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். இருபுறமும் அச்சிடும்போது குறுகிய ஓரமாகப் புரட்டும்படி சொல்ல வேண்டும். இல்லையேல் பாதிப் பக்கம் தலைகீழாக நிற்கும். 80 கிராம் தாளில் கறுத்த படம் பின்புறம் தெரியும். 100 கிராம் நல்லது.

மடிப்பில் மூன்று துளையிட்டு நூலால் தைக்கலாம். கோணி ஊசி வேண்டாம். துளை பெரிதாகிக் கிழியும். எட்டாம் பக்கத்தில் படங்களை நிரப்பு வர்ணம் எடுத்துவிட்டு வெறும் ஓரக்கோடாக விட்டுவைத்தால், மிளகுக்கு என்ன வர்ணம், ஏலக்காய்க்கு என்ன வர்ணம் என்று கேட்டுப் பிள்ளை கடைக்கே வந்து நிற்கும்.