பெருங்கணிப்பொறிக்குள் யூனிக்ஸ்

பெருங்கணிப்பொறி என்றதும் அது பழங்கதை என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 என்னும் பொறியை நினைத்தால் அப்படித்தான் தோன்றும். துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆனால் அந்தக் குடும்பம் அற்றுப்போகவில்லை. அதன் வழிவந்த பொறிகள்தாம் இன்றும் உலகின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகளைக் காக்கின்றன. அவற்றைப் பேணும் வேலை சென்னையில் ஏராளமானோருக்குச் சோறு போடுகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் கட்டளைகளைப் பழகிய மாணவர் அங்குச் சென்றால் கற்றது உதவுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உதவும். ஆனால் சில இடங்களில் காலை வாரியும் விடும்.

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் கையில் பிறந்தது. பெருங்கணிப்பொறியின் எம்.வி.எஸ். இயக்கமுறை அதனோடு எவ்வித உறவும் இன்றி வளர்ந்தது. 1990-களில் ஐ.பி.எம். நிறுவனம் எம்.வி.எஸ்.ஸின் உள்ளேயே யூனிக்ஸ் வசதியைச் சேர்த்தது. இன்றைய இசட்-ஓ.எஸ்.ஸில் அது பிரிக்கமுடியாத பகுதி. டி.எஸ்.ஓ. திரையில் 'ஓ.எம்.வி.எஸ்.' என்று தட்டினால் போதும், நமக்குப் பழக்கமான ஷெல் வந்து நிற்கும். எல்.எஸ்., கிரெப், சார்ட், குழாய்க்குறி எல்லாம் அங்கே உண்டு.

முதல் தடுமாற்றம் திரையில். 3270 வகை முனையம் ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் பொறிக்கு அனுப்புவதில்லை. என்டர் விசையை அழுத்தும்போதே மொத்தமாக அனுப்பும். ஆகவே நாம் விரும்பும் வி.ஐ. தொகுப்பி அங்கு இயங்காது. வேறு கணிப்பொறியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்தால் இயங்கும். அனுபவசாலிகள் அந்த வழியாகவே வருவார்கள்.

அடுத்தது கோப்பு. பழைய வீட்டில் கோப்புக்கு 'டேட்டா செட்' என்று பெயர். பெயர் 44 எழுத்துக்கு மிகாது, பதிவின் நீளமும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். 80 எழுத்து நீளமே மிகப் பரவலானது. துளையட்டையில் 80 பத்திகள் இருந்தன அல்லவா, அந்த அட்டை மறைந்தும் அளவு மறையவில்லை! ஷெல்லிலிருந்து சி.பி. கட்டளையால் இத்தகைய டேட்டா செட்டுக்கு நகலெடுக்கலாம். பெயருக்கு முன் இரண்டு சாய்கோடு இட வேண்டும். 80-ஐ மீறிய வரியின் வால் வெட்டுண்டு போகும் என்பதை மறக்கலாகாது.

எல்லாவற்றினும் பெரிய சிக்கல் எழுத்துக் குறியீடு. நம் புதுவையில் ஒரே தெருவுக்குப் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர்ப்பலகை இருப்பதுபோல, ஒரே எழுத்துக்கு இங்கு இரண்டு எண்கள். ஆங்கிலப் பெரிய 'ஏ' ஆஸ்கியில் 65. பெருங்கணிப்பொறியின் எப்சிடிக்கில் 193. வீராம்பட்டினம் தேர்த்திருவிழா நன்கொடையாளர் பட்டியலை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஆஸ்கி வரிசையில் எண்கள் முதலிலும் பெரிய எழுத்துகள் அடுத்தும் சிறிய எழுத்துகள் இறுதியிலும் வரும். எப்சிடிக் வரிசையில் சிறியவை முதல், பெரியவை அடுத்து, எண்கள் கடைசி! எப்சிடிக்கில் எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்வதும் இல்லை. 'ஐ' 201, 'ஜே' 209. இடையே 208-இல், ஷெல் வழக்கமாகக் கையாளும் குறியீட்டுப் பட்டியலில், மூடும் நெளிவு அடைப்புக்குறி அமர்ந்திருக்கிறது. 'ஏ' முதல் 'இசட்' வரை ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்லும் சி நிரல் 26 முறைக்குப் பதிலாக 41 முறை சுற்றும். நிரலில் பிழையில்லை, மொழியும் அதுவே. அடியில் உள்ள மண் வேறு.

குறியீட்டை மாற்ற ஐகான்வி என்னும் கட்டளை இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புக்கு அது நன்று. கோபால் நிரல்கள் எழுதிய பணக்கோப்பில் அதை ஓட்டுவதுதான் ஆபத்து. அங்கே தொகை எழுத்தாக இராது. இடத்தை மிச்சப்படுத்த, ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். 123 ரூபாய் 45 காசு என்பது பதினாறடிமான எண்ணில் 12, 34, 5சி என மூன்றே பைட். இறுதியில் உள்ள 'சி' கூட்டல் குறி. இந்த 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறியும் ஆகும். ஐகான்வி அதை நட்சத்திரம் என்றே நம்பி, ஆஸ்கி நட்சத்திரமான 2ஏ ஆக மாற்றிவிடும். 5 காசு இருந்த இடத்தில் 2 வந்து உட்கார்ந்துவிட்டது. நடுப் பைட்டும் சிதைந்திருக்கும். கட்டளை பிழைச்செய்தி எதுவும் தராது. திரையில் பெயரும் ஊரும் சரியாகவே தெரியும். ஒருவருடைய கணக்கில் உள்ள பணம் மட்டும் மாறியிருக்கும்.

ஆதலால் கட்டளையைத் தட்டுமுன், அக்கோப்பின் பதிவு அமைப்பைக் கூறும் கோபால் வரையறையைக் கேட்டு வாங்குக. அதில் 'காம்ப்-3' என்று எழுதிய புலம் ஒன்றேனும் இருந்தால், முதலில் பழைய வீட்டின் சார்ட் நிரலைக் கொண்டு அப்புலத்தைப் படிக்கத்தக்க இலக்கங்களாக விரித்துக்கொண்டு, அதன்பின் ஐகான்வியை ஓட்ட வேண்டும்.