மூன்றா, எட்டா?

கிள்ளானில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு வயது எழுபத்திரண்டு. ஆகஸ்டு 8ஆம் நாள் மாலை, அவர் நன்றாக உடுத்திக்கொண்டு ஒரு மண்டபத்தின் முன் போய் நின்றார். கதவு பூட்டியிருந்தது. முன்னாள் மாணவர் சந்திப்பு ஐந்து நாள்களுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று காவலாளி சொன்னார். அதற்காகவே ஜொகூரிலிருந்து வந்திருந்த பள்ளித் தோழரும் இவரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

மின்னஞ்சலின் தலைப்பில் '3 ஆகஸ்டு' என்றுதான் இருந்தது. பெரியவர் அதை 8 என்று படித்துவிட்டார். "எல்லாம் வயதுக் கோளாறு. இனி இந்த மின்னஞ்சலே எனக்கு வேண்டாம்," என்று வீட்டில் அலுத்துக்கொண்டார். நான்காம் படிவத்தில் பயிலும் பேத்தி மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லாத அவளே திரையருகே குனிந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

நாற்பது வயதுக்கு மேல் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து, அருகிலுள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரியத் தொடங்கும். இதை வெள்ளெழுத்து என்பர். பெரியவருக்கு அது இருந்தது உண்மையே. ஆனால், பழியை எல்லாம் கண்ணின்மேல் போடுவது நியாயமன்று.

முன்பு அவர் பயன்படுத்தியது 24 அங்குலத் திரை. அது பழுதானபின், மகனின் 14 அங்குல மடிக்கணினியைப் பயன்படுத்தத் தொடங்கினார். இரண்டு திரைகளிலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள். அதே எண்ணிக்கையிலான புள்ளிகள் சிறிய பரப்பில் நெருக்கி அடைக்கப்பட்டால் ஒவ்வொன்றும் சிறுத்துத்தானே போகும்? பெரிய திரையில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரம் இருந்த எழுத்து, இதில் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டது. கணினி முழுவதற்குமான உருப்பெருக்கத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யலாம். ஆனால், கணக்கு வேலை செய்யும் மகனுக்கு ஒரே பார்வையில் பல பத்திகள் தெரிய வேண்டும். அவர் அதை 100 விழுக்காட்டிலேயே வைத்திருந்தார். ஆகவே, மின்னஞ்சல் மென்பொருளில் மட்டும் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

அவர்கள் வீட்டில் இருந்தது தண்டர்பேர்ட். இம்மென்பொருளின் முதல் முழுப்பதிப்பு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. இதை இலவசமாகப் பெறலாம். பேத்தி ஒரு மடலைத் திறந்து, 'கண்ட்ரோல்' விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினாள். எழுத்துகள் பெரிதாயின. பெரியவர் மகிழ்ந்தார்.

மறுநாள் காலையில் மீண்டும் அதே முணுமுணுப்பு. மடல் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால், அனுப்பியவர் பெயரும் தலைப்பும் நாளும் வரிசையாக நிற்கும் பட்டியல் எறும்பு ஊர்வதுபோல் அப்படியே இருந்தது. அவர் தவறவிட்ட '3' அந்தப் பட்டியலில்தான் இருந்தது! முதலில் செய்த மாற்றம் மடலின் உள்ளடக்கத்தை மட்டுமே பெரிதாக்கும். பட்டியல், கோப்புறைப் பெயர்கள், பொத்தான்கள் ஆகியவை மென்பொருளின் இடைமுகத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழி ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. பயனரே ஒரு கோப்புறையை உருவாக்கி, அதனுள் 'யூசர்குரோம்' என்ற கோப்பை வைத்து, எத்தனை அளவில் எழுத்து தெரிய வேண்டும் என்று நிரல் வரிகளாக எழுத வேண்டும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் எழுதியது பலிக்காமல் போகலாம். எழுத்தே சரியாகத் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுத்தது வேடிக்கைதான். இன்றைய பதிப்புகளில், மேல் மூலையிலுள்ள மூன்று கோடுகளைச் சொடுக்கினால் 'எழுத்தளவு' என்ற தெரிவு வருகிறது. பக்கத்தில் கூட்டலும் கழித்தலும் உள்ளன.

பேத்தி கூட்டலை அழுத்திக்கொண்டே போய் 22இல் நிறுத்தினாள். இப்பொழுது தலைப்புகள் பாதியிலேயே வெட்டுப்பட்டன; நாள் இருந்த பத்தியும் குறுகிப்போனது. "பெரிதாக இருக்கிறது, ஆனால், பாதியைக் காணோமே அம்மா!" என்றார் தாத்தா. 18க்குக் குறைத்து, வரிகளுக்கிடையே இடைவெளியையும் சற்றுக் கூட்டியபின் இருவருக்கும் நிறைவு.

தமிழ் மடல்களுக்கு இன்னும் ஒரு படி தேவைப்பட்டது. 'கொடி', 'கோடி' இரண்டுக்கும் கொம்பில் ஒரு சுழிதான் வேறுபாடு. 'எரி', 'ஏரி' என்பவற்றைப் பிரிப்பது ஒரு சிறு கோடு. 'மனம்', 'மணம்' என்பவற்றில் ஒரு சுழி கூடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியோ அதைவிடச் சிறியது. ஆங்கில எழுத்து தெளிவாகத் தெரியும் அளவில் இவை மங்கிவிடக்கூடும். அமைப்புகள் பகுதியில் ஒவ்வோர் எழுத்து முறைக்கும் தனித்தனியாக எழுத்துருவும் அளவும் தெரிவு செய்ய முடியும். பேத்தி தமிழுக்கு, விண்டோசுடன் வரும் 'நிர்மலா' எழுத்துருவைத் தெரிவு செய்தாள், அளவையும் கூட்டினாள். ஆனால், சில மடல்களில் மாற்றமே இல்லை. தம் மொழி இன்னதென்று அறிவிக்காமல் வரும் மடல்கள் 'பிற எழுத்து முறைகள்' என்ற பிரிவின் அளவையே பின்பற்றும் என்பதைச் சிறிது நேரம் தடுமாறியபின் கண்டுகொண்டாள். அங்கும் மாற்றியபின் கொம்பும் சுழியும் தெளிந்தன.

பெரியவர் தோழருக்கு மடல் எழுத உட்கார்ந்தார். நாளைத் தவறாகப் படித்ததை ஒளிக்காமல் எழுதினார். அனுப்பும் முன் ஓர் ஐயம்.

"இது அவனுக்கும் இப்படியே பெரிதாகப் போய்ச் சேருமா?"

"இல்லை தாத்தா. நாம் மாற்றியது நம் திரையை மட்டும்தான். அவர் கணினியில் என்ன அளவு இருக்கிறதோ, அந்த அளவில்தான் அவருக்குத் தெரியும்."

பெரியவர் சற்று யோசித்தார். தோழரும் அதே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார், வயதும் ஒன்றுதான். மடலை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"கணினிமுன் உட்கார். மேல் மூலையில் மூன்று கோடு தெரிகிறதா? தெரியவில்லையா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரப்பா!"