நள்ளிரவுத் திருப்பலிக்கு நண்பருடன் செல்வோருக்கு

கிறிஸ்தவ நண்பரின் அழைப்பை ஏற்று, டிசம்பர் 24 இரவு, பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம் நாலு ரோட்டுக் குழந்தை இயேசு பேராலயத்திற்கு முதன்முறையாகச் செல்லும் அன்பர்கள், சங்கடப்படாதிருக்கச் சில யோசனைகள்:

1. பூஜை தொடங்கும் நேரத்தை நண்பரிடம் விசாரித்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். வருஷம் முழுவதும் தலைகாட்டாதவர்களும் அன்று வந்துவிடுவதால் ஆசனம் துர்லபம்.

2. சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், இடமின்றி வெளியே மார்கழிப் பனியில் நிற்க நேரலாம்.

3. நற்கருணை பெற ஜனங்கள் வரிசையாக எழுந்து செல்லும்போது, அதைக் கோயில் பிரசாதம் போன்றதென்று கருதி உடன் சென்று கை நீட்டாமல், இருந்த இடத்திலேயே அமைதியாக அமர்ந்திருங்கள். அது ஞானஸ்நானம் பெற்று, அதற்கென ஆயத்தம் செய்துகொண்ட கத்தோலிக்கருக்கே உரியது. (இதைச் சொல்ல நண்பர் கூச்சப்படுவார், நாமே அறிந்திருப்பது உத்தமம்.)

4. பூஜை முடிந்தபின் இயேசு பிறப்பைக் காட்டும் குடிலை நிதானமாகப் பாருங்கள், சொரூபங்களைத் தொடாதீர்கள்; கேழ்வரகை முளைக்கவிட்டுப் பசும்புல் தரையாக்கி, வைக்கோல் வேய்ந்து, பல நாள் சிரத்தையுடன் அமைத்த குடிலானால் ஒரு கை பட்டாலும் கலைந்துவிடும்.

5. நண்பர் வீட்டிற்குக் கேக் வேண்டாம், வேலூர்ச் சந்தையில் நல்ல ரஸ்தாளிச் சீப்பு ஒன்று வாங்கிச் செல்லுங்கள். கேக் அங்கே ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும்.