பொருத்தம் பார்க்க உட்காரும் பிள்ளைகளுக்கு

ஐப்பசியில் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதியம்மன் திருக்கல்யாணம் முடிந்த கையோடு, தை முகூர்த்தத்தை மனதில் வைத்து ஜாதகங்கள் வரத் தொடங்கிவிடும். கட்டம் போடப் படித்த இளையவர்கள், “அண்ணாச்சி, இனி நாங்களே பொருத்தம் பார்க்கலாமா?” என்று கேட்பதும் அந்தச் சமயத்தில்தான். சிலர் கையில் இப்போது டாரட் சீட்டுக் கட்டும் இருக்கிறது. தாராளமாகப் பாருங்கள். ஆனால் ஆணும் பெண்ணும் ஒருவரோடு ஒருவர் எப்படி வாழப்போகிறார்கள் என்று சொல்ல உட்காருகிறீர்கள். அதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பிறந்த நேரத்தை விசாரியுங்கள். லக்கினம் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். நவாம்ச லக்கினமோ சுமார் 13 நிமிடத்தில் மாறிவிடும். தம்பதியின் உள்வாழ்வை நாம் நவாம்சத்தில்தான் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் காலை 6.30 என்று முழுசாக எழுதியிருந்தால், யாரோ குத்துமதிப்பாகப் போட்ட நேரமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அடுத்து, எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். பழைய நோட்டு ஜாதகம் வாக்கியப்படி இருக்கும், கம்ப்யூட்டர் ஜாதகம் பெரும்பாலும் திருக்கணிதப்படி இருக்கும். நட்சத்திரம் மாறும் நேரத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டிலும் வேறு வேறு நட்சத்திரம் வந்துவிடும். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டு பொருத்தம் போட்டால் அது பொருத்தமே அல்ல.

2. தினம், கணம், மகேந்திரம், ஸ்த்ரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்தையும் பாருங்கள். பத்துக்கு எத்தனை என்று எண்ணி மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கும் இந்தப் பத்துக்கும் அப்பால் இரண்டு முழு ஜாதகங்கள் இருக்கின்றன. ஏழாம் இடம், சுக்கிரன், படுக்கை சுகத்துக்குச் சொல்லப்படும் பன்னிரண்டாம் இடம், இவற்றைப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

3. யோனிப் பொருத்தம் வந்ததும் பல ஜோசியர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது சரியா இருக்கு” என்று அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். தாவாதீர்கள். உடலும் உடலும் இணங்குவதைப் பற்றி நம் முன்னோர் வெட்கப்படாமல் ஒரு கணக்கு வைத்தார்கள். 14 விலங்குகளை எடுத்து எல்லா நட்சத்திரங்களையும் அவற்றில் அடக்கினார்கள். அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை, பரணிக்கும் ரேவதிக்கும் யானை, அனுஷத்துக்கும் கேட்டைக்கும் மான். பாம்புக்குக் கீரி, பூனைக்கு எலி, பசுவுக்குப் புலி என்று பகை ஜோடிகளும் உண்டு. வட இந்தியாவில் 36 குணம் பார்க்கும் முறையிலும் யோனிக்கு 4 புள்ளி தனியாக உண்டு.

இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் தரம் தெரியும். ரோகிணிப் பையனையும் உத்திராடத்துப் பெண்ணையும் பார்த்து, “பாம்பும் கீரியும், ஆகாது” என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் அந்த விலங்குகளைச் சுபாவமாகப் படிக்கச் சொல்வேன். ஒருவர் மெதுவாக நெருங்குகிறவர், ஒருவர் சட்டென்று நெருங்குகிறவர். ஒருவருக்குத் தொட்டால்தான் அன்பு புரியும், இன்னொருவருக்குப் பேசினால்தான் புரியும். பகை என்று வந்த இடத்தில், இந்த இருவரும் ஒருவர் வேகத்தை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெற்றோரிடம் அல்ல, அந்த இருவரிடமே சொல்லுங்கள். நிச்சயம் முடிந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத ஜோடிகள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைப்பதைவிடப் பெரிய பரிகாரம் எனக்குத் தெரியாது.

4. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. இந்த நான்கையும் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால், இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். பாதத்தைக்கூடப் பார்க்காமல், நட்சத்திரப் பெயரைக் கேட்டவுடனேயே தட்டிக் கழிக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! இதே நட்சத்திரத்தில் பிறந்த ஆணின் ஜாதகத்தை யாரும் இப்படித் திருப்பி அனுப்புவதில்லை. அது ஒன்றே போதும், இது சாஸ்திரம் இல்லை, ஓரவஞ்சனை என்பதற்கு.

5. செவ்வாய் தோஷத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம். அதாவது பன்னிரண்டில் ஐந்து. லக்கினத்திலிருந்து மட்டும் எண்ணினாலே ஐந்தில் இரண்டு பேர் சிக்குவார்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் தப்புகிறவர்கள் சிறுபான்மைதான். ஊரில் பாதிக்கு மேல் உள்ள ஒன்றைச் சொல்லி ஒரு குடும்பத்தைத் தூங்கவிடாமல் செய்யாதீர்கள்.

பரிகாரம் கேட்டால் ஆற்றோரத்துக்கு அனுப்புங்கள். அகத்தியர் சொற்படி உரோமச முனிவர் தாமிரபரணியில் ஒன்பது பூக்களை மிதக்கவிட்டார், அவை கரை ஒதுங்கிய இடங்களே நவகைலாயம் என்பது நம் தலபுராணம். பாபநாசத்தில் சூரியனுக்குத் தொடங்கும் அந்த வரிசையில் மூன்றாவது கோடகநல்லூர், செவ்வாய்க்கு உரியது. கடைசியாக, கடலுக்குப் பக்கத்தில் சேர்ந்தபூமங்கலம், சுக்கிரனுக்கு உரியது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் முன்னதற்கும், மனம் ஒட்டாத தம்பதிகள் பின்னதற்கும் போய்வரட்டும். முடிந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகட்டும். ஒருநாள் முழுக்க ஒரே வண்டியில் போய்வருவதில் நல்லது உண்டு. ஹோமம், யந்திரம் என்று ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுக்காதீர்கள்.

6. டாரட் பிரிக்கிற பிள்ளைகளுக்கு. 78 சீட்டில் 16 சீட்டு ஆட்களின் உருவம். கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு வகையிலும் ராஜா, ராணி, குதிரை வீரன், இளம் சேவகன் என்று நான்கு பேர். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது விளையாட்டுச் சீட்டு. குறி சொல்லப் பரவலாகப் பயன்பட்டது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில். இப்போது பெரும்பாலோர் கையில் இருப்பது 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள், அல்லது அவற்றைத் தழுவியவை.

காதலைப் பற்றிக் கேட்டு ஆள் சீட்டு விழுந்ததும் கேட்டவர், “அது அவர்தான்” என்பார். அவசரப்படாதீர்கள். அது எதிராளியாக இருக்கலாம், கேட்டவராகவே இருக்கலாம், அவர் ஆசைப்படும் ஒருவராகவும் இருக்கலாம். எது என்று அவரையே சொல்லவிடுங்கள். ஆண் உருவம் ஆணுக்கு, பெண் உருவம் பெண்ணுக்கு என்றும் பிரிக்காதீர்கள். நான்கு வீரர்களின் குதிரைகளைக் கவனியுங்கள். கோல் வீரனின் குதிரை முன்னங்கால் தூக்கி நிற்கிறது, வாள் வீரனின் குதிரை பாய்கிறது, கோப்பை வீரனின் குதிரை மெல்ல நடக்கிறது, நாணய வீரனின் குதிரை அசையாமல் நிற்கிறது. நெருக்கத்துக்கு வரும் நான்கு விதங்களும் அதில் இருக்கின்றன. பாய்ந்து வருகிறவரைக் கண்டு பயப்படுகிற பெண்ணுக்கும், நின்ற இடத்தில் நிற்கிறவரால் ஏங்கிப்போன பெண்ணுக்கும் ஒரே பலனைச் சொல்ல முடியாது. பத்துப் பொருத்தத்தின் 14 விலங்குகளையும் இதே கண்ணோடு படிக்கலாம்.

7. தனியாக வரும் பெண்ணிடம் கேள்வியைக் குறையுங்கள், காதைத் திறந்து வையுங்கள். அறைக் கதவும் திறந்தே இருக்கட்டும்.

8. இது கடினமானது. ஒரு தகப்பனார் வருவார். மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். “அண்ணாச்சி, பொருத்தம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவ கேட்டுக்குவா” என்பார். சொல்லாதீர்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும், எவ்வளவு கொடுத்தாலும் சொல்லாதீர்கள். காதலுக்காகப் பிள்ளைகள் வெட்டுப்பட்டுச் சாகிற சீமை இது. நீங்கள் உதிர்க்கும் ‘ஆகாது’ என்ற வார்த்தை வீட்டுக்குள் போய் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியாது. வயது வந்த இருவர் மனமொத்து மணம் செய்ய முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ‘சக்தி வாகினி’ வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைத் தகப்பனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் போலீசுக்குச் சொல்லத் தயங்காதீர்கள்.

9. கல்யாணமாகிப் பல மாதமாகியும் இருவரும் சேரவில்லை என்றால் அது கிரகக் கோளாறு என்று சொல்லிப் பணம் பார்க்காதீர்கள். பயமாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், உடம்பில் கோளாறு இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். அடி உதை என்று தெரிந்தால் கட்டத்தை மூடிவைத்துவிட்டு, பெண்கள் உதவி எண் 181ஐ எழுதிக் கொடுங்கள்.

10. உங்களிடம் வரும் ஜாதகத்தை வாட்ஸ்அப்பில் தரகருக்குத் தள்ளிவிடாதீர்கள். அதில் ஒரு பெண்ணின் பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கின்றன. பார்த்து முடித்ததும் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.