ஷிஃப்ட் வேலையும் எம்.காம். படிப்பும்

கேள்வி: பி.காம். முடித்துப் பத்து வருஷமாச்சு. எண்ணூரில் ஷிஃப்ட் வேலை. அஞ்சல் வழியில் எம்.காம். சேரலாமா? அதற்கு மதிப்பு உண்டா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற தொலைதூரப் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்ததற்குச் சமம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் நடக்கிறது. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பணம் கட்டுமுன், இந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கே அனுமதி உண்டா என்று யுஜிசி தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகம் பெரியது என்பது போதாது. விண்ணப்பிக்க ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்), அதை வைத்து யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் எடுக்கும் டெப் ஐடி இரண்டும் வேண்டும், நீங்களே எடுக்கலாம். ‘ஒரே வருஷத்தில் பட்டம்’ என்று மின்கம்பத்தில் ஒட்டியிருப்பவரிடம் ஆதாரைக் கொடுத்துவிடாதீர்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே சூப்பர்வைசரிடம் ஷிஃப்ட் மாற்றம் கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் கிடைக்காது.